சும்மா பேசுவதற்குப் பதினேழு விதிகள்

நீங்கள் இப்போது இருக்கும் இடம் எதுவானாலும் அது சரியான இடம் இல்லை என்று சொல்லி, கையைப் பிடித்து வேறோர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள். இவர்களுக்குக் குடியேற்றிகள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஓட்டலில் நீங்கள் உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைத்தும் முடித்த பிறகு, "அங்கன ஃபேன் நல்லா சுத்துது, எந்திரிங்க" என்பார். எழுந்து போனால் அந்த மேஜையின் கால் ஆடும். கல்யாண வீட்டில் முன்வரிசையில் இருப்பவர்களை எழுப்பிப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோவார், அங்கேயிருந்துதான் மேடை நன்றாகத் தெரியுமாம். தெரிவது தூண். இவர்களுக்குக் கூட்டம் இல்லாத இடம் வேண்டும்; அந்த இடத்துக்கு எல்லாரும் வரவும் வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவர்களை இவர்கள் கூப்பிடுவதில்லை.

இந்த இனத்தில் இணையத்துக்குள் புகுந்துவிட்டவர்கள் ஒரு தனி ரகம். அந்த ரகத்துக்கு நான் அறிந்த சிறந்த மாதிரி எங்கள் சிவகாசி சீனிவாசகம் அண்ணாச்சி. காலண்டர் அச்சடிப்பவர். அவருடைய பிரஸ்ஸுக்கு அடுத்த கட்டடத்தில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவன் நான். ஆகவே அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறேன். பாவம் செய்தவன் வேறு எங்கே இருப்பான்?

முதலில் உலகமே எந்தச் சமூக ஊடகத்தில் இருந்ததோ அதில்தான் நானும் இருந்தேன். அங்கே விளம்பரம் அதிகம் என்று அண்ணாச்சி என்னை ஒரு செயலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சண்டை அதிகம் என்று இன்னொன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதில் சண்டையும் இல்லை, ஆளும் இல்லை. இருந்தும் அதன் முதலாளி சரியில்லை என்று அங்கிருந்தும் கிளப்பினார். இப்படி மூன்று ஊர் மாறி, மூன்று கடவுச்சொல்லை மறந்து நான் களைத்துப் போயிருந்தபோது, ஒரு நாள் அண்ணாச்சி முகமெல்லாம் ஒளியோடு என் மேஜைக்கு வந்தார்.

"முதலாளியே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு, தெரியுமா?"

தெரியாது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரிய கம்பெனிக்காரன் என்ன பண்றான்? உலகத்தையே ஒரே ரூமுக்குள்ள போட்டு அடைச்சு வச்சிருக்கான். ஒரு பொறி விழுந்தா என்னாகும்?"

"அம்புட்டும் போகும் அண்ணாச்சி."

"நம்ம பட்டாசுக் கம்பெனியில அப்படியா வைக்கிறாக? தனித்தனி ரூம். நடுவுல இடைவெளி. ரூமுக்கு நாலு பேரு. சுத்தியும் கதவு. ஒரு ரூம்ல ஏதாச்சும்னா பக்கத்துக் கதவு வழியா ஓடிரலாம், அடுத்த ரூமுக்கு ஒண்ணும் ஆகாது. இதுவும் அப்படித்தேன். ஊருக்கு ஊரு, ஆளுக்கு ஆளு சொந்தமா சர்வர் வச்சுக்கிருவாக. இந்த சர்வர்ல இருக்கவுக அந்த சர்வர்ல இருக்கவுககிட்டப் பேசலாம். பிடிக்கலையா? மூட்டையைக் கட்டிக்கிட்டு வேற சர்வருக்குப் போயிரலாம். பழகுன ஆளுகளையும் கூடக் கூட்டிக்கிட்டே போயிரலாம். ஒருத்தன் கேக்க முடியாது."

சமூக ஊடகத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி வைத்துக்கொள்ளவில்லை.

"ரூமுக்கு நாலு பேருதானா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது பட்டாசுக்கு. நம்ம சர்வருக்கு லட்சம் பேரு வரலாம்" என்றார்.

சர்வருக்கு 'வெட்டவெளி' என்று பெயர் வைத்தார். முதல் மாதம் முழுவதும் அந்த வெட்டவெளியில் சரியாக நாலு பேர்தான் இருந்தோம். அண்ணாச்சி, அவர் மனைவி யோகேஸ்வரி அக்கா, நான், நான்காவதாக ஜெர்மனியிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர். அந்த ஜெர்மன்காரர் தன் நாட்டில் நாய்ப் பிரியர்களுக்காக ஒரு சர்வர் வைத்திருந்தார். முகப்படத்தில் அவருக்குப் பதில் அவர் நாய் இருந்தது. அண்ணாச்சி போட்ட முருகன் காலண்டர் படத்துக்கு, "அழகான பறவை" என்று மயிலைப் பாராட்டியிருந்தார். யோகேஸ்வரி அக்கா ஒரே ஒரு முறை எழுதினார். "சாப்பிட வாரீகளா இல்லையா?" என்பது அந்தப் பதிவு. பக்கத்து அறையிலிருந்து போட்டது.

ஆள் சேர்க்க அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வருஷம் அவர் அடித்த நாட்காட்டி அட்டைகள் அத்தனையிலும், கடைப்பெயருக்குக் கீழே ஒரு ஓரமாக, கைபேசியில் காட்டினால் வெட்டவெளிக்குப் போகிற க்யூஆர் கட்டத்தை அச்சடித்துவிட்டார். மாவட்டம் முழுக்கச் சுவரில் தொங்குகிற அட்டை. காலண்டரில் ஒரு கட்டம் இருந்தால் நம் மக்கள் அதை என்னவென்று நினைப்பார்கள்? ராசிபலன் என்றுதான் நினைப்பார்கள். அறுபத்து மூன்று பேர் கட்டத்தைக் காட்டி உள்ளே வந்தார்கள். "சுதந்திரமான உரையாடலுக்கு வருக" என்று அண்ணாச்சி வரவேற்ற பதிவுக்குக் கீழே வந்த முதல் கேள்வி, "விருச்சிகத்துக்கு எப்பப் போடுவீக?" என்பது. ராசிபலன் கிடையாது என்று தெரிந்ததும் அறுபது பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். மூன்று பேர் நின்றார்கள். ஏன் நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கிற செல்லச்சாமி. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு, கூடவே மனுவும் எழுதிக் கொடுக்கிற சிவபாண்டி. நாரணாபுரத்தில் குழாய் உருட்டும் மாரித்தாய். குழாய் என்றால் புஸ்வாணத்துக்கும் வெடிக்கும் மேலே சுற்றி வருகிற காகிதக் குழாய். பசை தடவி உருட்டி, களத்தில் பரப்பி வெயிலில் காய வைத்து, அதன் பிறகுதான் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். வெடிமருந்து தொடாத வேலை என்பதால் அங்கே கைபேசிக்குத் தடையில்லை. ஆனால் மழைக்குத் தடை உண்டு. நனைந்த குழாய் பிரிந்துவிடும். பிரிந்த குழாய்க்குக் கூலி கிடையாது.

இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. எப்படிப் பழகினார்கள் தெரியுமா? ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலில் செல்லச்சாமி யாருக்கு என்றில்லாமல், "இங்கன மேகம் கட்டுது. கடைக்கு வெளிய மூட்டை கெடக்கு" என்று எழுதினார். முக்கால் மணி கழித்து சிவபாண்டி, "இங்கனயும் காத்து ஆரம்பிச்சிருச்சு. மனுவெல்லாம் பறக்குது" என்று எழுதினார். அதைப் பார்த்த மாரித்தாய், "ஆத்தி, அப்ப நான் குழாயை அள்ளுறேன்" என்று எழுதினார். அள்ளி முடித்து அரை மணியில் நாரணாபுரத்தில் மழை கொட்டியது.

அவ்வளவுதான். அன்று முதல் மூவருக்கும் அது வழக்கமாகிவிட்டது. கிழக்கே இருந்து வருகிற மழை முதலில் காரியாபட்டியில் இறங்கும், பிறகு சூலக்கரை, கடைசியில் நாரணாபுரம். செல்லச்சாமி சொல்வார், சிவபாண்டி உறுதி செய்வார், மாரித்தாய் அள்ளுவார். மழை இல்லாத நாளில் என்ன குழம்பு, யாருக்கு இருமல், கலெக்டர் ஆபீஸ் வாசலில் படுத்துக் கிடக்கும் நாய் இன்று எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். "சாப்பிட்டீகளா?" என்று ஒருவர் கேட்பார். "ஆச்சுக்கா, நீங்க?" என்று மற்றவர் சொல்வார். உலகத்தில் எத்தனையோ பொறியாளர்கள் முதலாளி இல்லாத ஊடகம் ஒன்றைக் கட்டினார்களே, எதற்காகக் கட்டினார்களோ அது சத்தமில்லாமல் இங்கே நடந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சிக்கு அது கண்ணில் படவில்லை. அவர் பதினான்கு குழுக்களைத் திறந்து வைத்திருந்தார். இலக்கியம், வானியல், கட்டற்ற மென்பொருள், மரபு மருத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகப்பு, ஒரு வரவேற்புரை, ஒரு கொடி. பதினான்கிலும் ஈ ஆடவில்லை. "நல்ல சமூகம் ஒண்ணு அமையலையே" என்று என்னிடம் வருந்துவார். "இந்த மூணு பேரும் மழையைப் பத்தியே பேசிக்கிட்டிருக்காக, ஒரு ஒழுங்கு வேணாமா?" என்பார்.

ஒழுங்கு வந்தது. குடியேற்றிகளின் இயல்பு இதுதான்: காலி மனைக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள், வந்ததும் வேலி போடுவார்கள். முதல் விதி, ரோஜாப்பூவும் தேநீர்க் கோப்பையும் போட்ட காலை வணக்கப் படங்கள் கூடாது. இது நல்ல விதி என்று நானே கைதட்டினேன். தட்டியது தப்பு. நான்காம் விதிப்படி, சும்மா பேசுகிறவர்கள் தாங்கள் சும்மாதான் பேசுகிறோம் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே 'சும்மா' என்று குறித்துவிட்டுப் பேச வேண்டும். ஒன்பதாம் விதி சாப்பாட்டுப் படங்களைத் திரை போட்டு மூடச் சொன்னது. விரதம் இருப்பவர் யாராவது இருந்தால் மனம் நோகக் கூடாதாம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைப் படம் எடுத்துப் போட்ட சிவபாண்டி, "உள்ளே இருப்பது பரோட்டா, விருப்பமுள்ளவர் திறக்கவும்" என்று எழுதிப் போட்டார். மனு எழுதும் கை அல்லவா? பதினோராம் விதி, யாரும் யாருக்கும் கைபேசி எண் கொடுக்கக் கூடாது என்றது. அந்நியர் பார்க்கும் இடம், பெண்கள் இருக்கும் இடம், அதனால் அதுவும் நியாயமான விதிதான். மூவரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினேழாம் விதி பிறந்தது ஓர் அமாவாசையால்.

புரட்டாசியில் ஒரு நாள் சிவபாண்டி பேச்சுவாக்கில், "நாளைக்கு அமாவாசை, கடை லீவு" என்று எழுதிவிட்டார். அமாவாசை மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள். நீங்களும் நானும் இதைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவோம். அண்ணாச்சி காலண்டர்காரர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரதோஷம் தேதி மாறி அச்சாகி, முழு லோடும் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்து பிரஸ் வாசலில் இறங்கியதை இன்றும் கனவில் காண்கிறவர். அன்றிலிருந்து அவருடைய பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்த்து, 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்து விழாமல் ஒரு துண்டுச்சீட்டுக்கூட மிஷின் ஏறாது. அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அதைக் கொண்டுபோய் வெட்டவெளியில் வைத்தார்.

"இனிமே எந்தப் பதிவா இருந்தாலும் ப்ரூஃபுக்கு வந்துட்டுத்தேன் வெளிய போகும். ரெண்டு பேரு பாக்கணும். ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க" என்றார் என்னிடம்.

நான் மறுத்திருக்க வேண்டும். 'துணை ப்ரூஃப் பொறுப்பாளர்' என்று என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் விழுந்ததைப் பார்த்ததும் மறுக்கத் தோன்றவில்லை. இருபது வருஷமாகப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறேன், ஒரு பெட்டியிலாவது என் பெயர் உண்டா?

கார்த்திகை பிறந்தது. காலண்டர்காரர்களுக்கு அது சீசனின் உச்சம். ஜனவரி பிறப்பதற்குள் எல்லா ஆர்டரும் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மிஷின் பகலெல்லாம் ஓடும், பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. நாரணாபுரத்திலும் தீபாவளி ஓய்வு முடிந்து, அடுத்த வருஷத்துப் புஸ்வாணத்துக்கு இப்போதே குழாய் உருட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் இருக்கும். பிரஸ்ஸுக்குப் பக்கத்து டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கைபேசி சிணுங்கியது. ப்ரூஃபுக்கு ஒரு பதிவு. செல்லச்சாமி.

"சும்மா: பெருசா வருது. சீக்கிரம் அள்ளுங்க."

நான்காம் விதியை மறக்காமல் கடைப்பிடித்திருக்கிறாரே என்று மெச்சினேன். உடனே ஓகே போட்டேன். முதல் ஓகே விழுந்துவிட்டது, இனி அண்ணாச்சியின் ஓகே. சிறிது நேரத்தில் சிவபாண்டி. "சும்மா: இங்கன கொட்டுது. மாரித்தாயக்கா அள்ளிட்டாகளா?" அதற்கும் ஓகே போட்டேன். பிறகு மாரித்தாயே. "சும்மா: அங்கன எப்படி? ஒரு சத்தத்தையும் காணும்?" அதற்கும் போட்டேன். மூன்று வேலையைச் சுணக்கமில்லாமல் முடித்த திருப்தியோடு ஒரு வடை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மற்ற நாட்களில் பதிவு வந்த நிமிஷமே ஓகே போட்டுவிடுகிற அண்ணாச்சி அன்று மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கைபேசி மேஜையில் கிடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, மூன்று பதிவுகளையும் நிதானமாகப் படித்து, தேதிப் பிழை இல்லை என்று கண்டு, மூன்றுக்கும் ஓகே போட்டார். "பெருசா வருது, சீக்கிரம் அள்ளுங்க" என்ற செய்தி, மழை பெய்து, ஓய்ந்து, வானம் வெளுத்து, நட்சத்திரமும் வந்த பிறகு நாரணாபுரம் போய்ச் சேர்ந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், பதினோராம் விதிப்படி ஒருவர் எண் இன்னொருவரிடம் இல்லை.

மறுநாள் காலை அண்ணாச்சியின் பிரஸ்ஸுக்கு ஒரு லேபிள் கலரை ஒப்பிட்டுப் பார்க்கப் போயிருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு.

"அண்ணாச்சி இருக்காகளா?"

"நாந்தேம்மா. நீங்க?"

"வெட்டவெளியில இருக்கேன். மாரித்தாய்."

அண்ணாச்சியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தான் கட்டிய ஊரின் குடிமகள் ஒருத்தி காலும் கையுமாக நேரில் வந்து நிற்கிறாள். "வாங்க, வாங்க. உக்காருங்க. ஏம்ப்பா, ஒரு காப்பி சொல்லு" என்று பரபரத்தார். மாரித்தாய் உட்காரவில்லை. நேரே ப்ரூஃப் பார்க்கிற மேஜைக்கு வந்து, அங்கே விரித்து வைத்திருந்த தை மாதத் தாளின் மேலேயே சாக்கைக் கவிழ்த்தார். பழுப்பு நிறத்தில் ஈரக் காகிதச் சுருள்கள், பசை வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பொத்தென்று விழுந்தன.

"என்னம்மா இது?"

"குழாய். நேத்து மத்தியானம் வரைக்கும் குழாய். இதையும் பாத்து ஓகே போடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் கைபேசியை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"உங்களுக்கு நெட்டு கிட்டு எதுவும்..."

"நெட்டு நல்லாத்தேன் இருந்துச்சு. இத்தனை மாசத்துல ஒரு நாளும் அவுக சொல்லாம மழை வந்ததில்லை. மேல வானம் வெளுப்பாத்தேன் இருந்துச்சு. சத்தத்தைக் காணுமே, அப்ப மழை இல்லைன்னு நாலு பேரும் உள்ள போயி சோத்துல கைய வச்சோம். வெளிய வாரதுக்குள்ள அம்புட்டும் போச்சு. நாலு பொம்பளைக எட்டு நாளு உருட்டுனது."

"தப்பா ஒண்ணும் வெளிய போயிரக் கூடாதுன்னுதேம்மா..."

"மழை வருதுங்கிறதுல என்ன அண்ணாச்சி தப்புப் போகும்? வரலைன்னா அள்ளுனதைத் திரும்பக் காயப் போட்டுட்டுப் போறோம்."

அண்ணாச்சி கூலியைத் தான் கொடுத்துவிடுவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "காசு கேட்டு வரலை" என்றார் மாரித்தாய். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவுக யாரு?"

"லேபிள் டிசைன் பண்றவரு. நம்ம துணை ப்ரூஃப்" என்றார் அண்ணாச்சி. அந்தப் பதவியைக் கேட்டு என் காது கூசியது அதுதான் முதல் முறை.

"நேத்து நீங்க பாத்தீகளா?"

"பாத்தேம்மா. பாத்த உடனே ஓகே போட்டுட்டேன்."

"போட்டுட்டு?"

நான் சுவரைப் பார்த்தேன். அங்கேயும் காலண்டர்தான் தொங்கியது. டீக்கடையிலிருந்து நாரணாபுரம் எத்தனை தூரம்? வண்டியில் பத்து நிமிஷம். வண்டியும் என்னிடம் இருந்தது. போக வேண்டாம், எழுந்து நாலு எட்டு நடந்து அண்ணாச்சியை ஓர் உலுக்கு உலுக்கியிருந்தால் போதும். என் பங்கு ஓகேயைப் போட்டுவிட்டேன் என்ற நிம்மதி இருக்கிறதே, அது மனிதனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மாரித்தாய் காலிச் சாக்கை மடித்துக்கொண்டார்.

"பட்டாசுக் கம்பெனி ரூம் மாதிரி சுத்தியும் கதவு வச்சிருக்கேன்னு நீங்கதேன் மொத நாளு எழுதியிருந்தீக. நான் அந்த ரூம்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தவ. கதவு இருந்தா மட்டும் பத்தாது அண்ணாச்சி. கதவுக்குக் குறுக்க ஒருத்தரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, யாரு ஓடலாம்னு சீட்டுக் குடுக்கக் கூடாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்த காப்பி ஆறியது.

ஒரு நல்ல மனிதர் இதற்குப் பிறகு என்ன செய்வார்? பதினேழாம் விதியை எடுத்துவிடுவார். அண்ணாச்சியும் நல்ல மனிதர்தான். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை என்று யோகேஸ்வரி அக்கா சொன்னார். ஆனால் குடியேற்றி விதியை எடுக்க மாட்டார். இன்னொரு விதி போடுவார். சாயங்காலமே பதினெட்டாம் விதி வந்தது. மழைச் செய்திக்கு ப்ரூஃப் தேவையில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மழை என்பதன் பொருள் இன்னது என்று கீழே நாலு உட்பிரிவு. தூறல் மழையில் சேராது. மேகம் மட்டும் கட்டியிருந்தால் அது வானியல் குழுவைச் சேர்ந்தது.

மறுநாள் மூவரும் போய்விட்டார்கள்.

சண்டை இல்லை, சபதம் இல்லை. அண்ணாச்சியே சொன்னது போல மூட்டையைக் கட்டிக்கொண்டு, பழகிய ஆட்களையும் கூட்டிக்கொண்டு வேறு சர்வருக்குப் போனார்கள். எங்கே போனார்கள் என்கிறீர்கள்? அந்த ஜெர்மன்காரரின் நாய் சர்வருக்கு. அங்கே ஒரே ஒரு விதிதான் இருந்தது: எல்லாரிடமும் அன்பாக இருங்கள். அடைப்பு இல்லை, உட்பிரிவு இல்லை. நாய் வளர்ப்பவர்கள்தான் சேர வேண்டும் என்று ஒரு வழக்கம் மட்டும் இருந்தது போலிருக்கிறது. சிவபாண்டி வாரத்துக்கு ஒரு முறை கலெக்டர் ஆபீஸ் வாசல் நாயைப் படம் எடுத்து, மூன்று பேருக்கும் சேர்த்து வாடகையாகப் போட்டுவிடுகிறார். காரியாபட்டியில் மேகம் கட்டினால் ஜெர்மனியில் பத்துப் பதினைந்து பேர் இதயம் போடுகிறார்கள். மாரித்தாய் குழாயை அள்ளி முடித்தேன் என்று எழுதினால், நாய் முகம் போட்ட ஒரு கூட்டமே கைதட்டுகிறது. ஒருவருக்கும் எதுவும் புரிவதில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

வெட்டவெளி நிஜமாகவே வெட்டவெளியாகிவிட்டது. அண்ணாச்சி தினமும் காலையில் போய்ப் பார்ப்பார். பதினான்கு குழு, பதினெட்டு விதி, ப்ரூஃபில் பூஜ்யம். மாதக் கடைசியில் ஒரு நாள் என்னிடம் வந்து, "அங்கன எப்படி இருக்காகளாம்?" என்றார், கல்யாணம் செய்து கொடுத்த மகளைப் பற்றிக் கேட்பது போல. நான் இடத்தைச் சொன்னேன். மூன்று நாள் கழித்து அந்த நாய் சர்வரில், பிரஸ் வாசலில் காகிதக் கழிவின் மேல் தூங்குகிற ஒரு செவலை நாயின் படம் வந்தது. கீழே ஒரு வரி: "சிவகாசியில மேகம் இல்லை."

விதி இல்லாமல், குறி இல்லாமல், ப்ரூஃப் இல்லாமல் அண்ணாச்சி தன் வாழ்நாளில் வெளியிட்ட முதல் வாக்கியம் அது. அதை அனுப்புவதற்குள் எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. "வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீகளா?" மாரித்தாய்.

அண்ணாச்சி கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் கட்டடத்துக்கு ஓடிவந்து காட்டினார். பல வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. என் கண்ணும் கலங்கிவிட்டது.

எட்டு நாள் ஒழுங்காக இருந்தார். ஒன்பதாம் நாள் என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்த ஜெர்மன்காரரு நல்ல மனுசன்தேன். ஆனா பாருங்க, அன்பா இருங்கன்னு மொட்டையாச் சொன்னா எப்படி? அன்புன்னா எதெதுன்னு ஒரு நாலு பாயிண்டு எழுதிக் குடுத்தா அவருக்கும் உதவியா இருக்கும்ல? இங்கிலீஸ்ல போடணும். நீங்க ஒரு தடவை ப்ரூஃப் பாத்துருங்க."

தாளை வாங்கிக்கொண்டேன். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று தினமும் சொல்லி வருகிறேன். நாரணாபுரத்துக்கு நான் செய்யக்கூடிய பிராயச்சித்தம் இவ்வளவுதான்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். எங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாரையோ நினைத்துக்கொண்டீர்கள். நல்லது. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. தலைப்பில் பதினேழு விதிகள் என்று போட்டுவிட்டு இவன் ஐந்தைத்தானே சொன்னான், மீதிப் பன்னிரண்டு எங்கே என்று நடுவில் எங்காவது விரல் விட்டு எண்ணினீர்களா?

எண்ணவில்லை என்றால் போய் வாருங்கள், மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேருங்கள். எண்ணியிருந்தால் எங்கேயும் போக வேண்டாம். வெட்டவெளியில் இப்போது நிறைய இடம் காலியாக இருக்கிறது. துணை ப்ரூஃப் வேலைக்கும் ஆள் இல்லை.